கடைச் சாவி ஆரிட்ட இருக்கு?

(லண்டனில் எங்கள் வாசகர் வட்டம் நடத்திய பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். கேட்டவர்கள் வீட்டில் செய்துபார்க்க வசதியாகச் சில இடங்களை விரித்து எழுதியிருக்கிறேன். பேச்சு மொழியை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)



மே தினத்திலும் கூட்டங்களிலும் விரிக்கிற புத்தக மேசையை இணையத்திலயும் விரிக்க வேணும், அது எப்பிடி எண்டு வந்து காட்டுங்கோ என்றுதான் கேட்டிருந்தீர்கள். காட்டுகிறேன். வேர்ட்பிரஸை நிறுவி, வூகொமர்ஸ் பிளகினை ஏற்றி, பத்துப் புத்தகத்தைப் போட்டு, ஒரு சோதனை ஓடர் எடுத்துப் பார்க்க அரை நாள் காணும். யூடியூபில் அதற்கு எத்தனையோ வீடியோ இருக்கு. ஆனால் அந்த வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான ஆளுக்குத்தான் பேசுகின்றன: தனியாகக் கடை போட்டு, கெதியாய் வளர்ந்து, ஒரு நாள் நல்ல விலைக்கு வித்துப்போட்டுப் போக விரும்புகிற ஆளுக்கு. எங்கட நிலைமை வேறை. எங்களிட்ட லாபம் இல்லை, சம்பளத்துக்கு ஆள் இல்லை, ஆனால் ஒரு கூட்டு இருக்கு.

அதனால் இன்றைக்கு நான் சொல்ல வாறது ஒரே விஷயம். கடை மென்பொருளில் ஒவ்வொரு செட்டிங்கும் ஆரோ எங்களுக்காக முன்கூட்டியே எடுத்துவைத்த தீர்மானம். விலை என்றால் என்ன, பெயர் என்றால் என்ன, வாங்குகிற ஆளைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருக்க வேணும், சாவி ஆரிட்ட இருக்க வேணும் என்று எல்லாம் ஏற்கெனவே தீர்மானித்தபடிதான் பெட்டி வருகிறது. அதை ஒவ்வொன்றாகத் திறந்து, கூட்டத்தில் வைத்து, நாங்களே திரும்பத் தீர்மானிக்க வேண்டும்.

வாடகைக் கடையும் சொந்தக் கடையும்

முதல் கேள்வி: ஷொப்பிஃபையா, வூகொமர்ஸா?

ஷொப்பிஃபை கனடாவின் ஒட்டாவாவில் தொடங்கிய கம்பனி. பனிச்சறுக்குப் பலகை விற்க ஒரு இணையக் கடை எழுதியவர்கள், பலகையை விட அந்தக் கடை மென்பொருளுக்குத்தான் கிராக்கி என்று கண்டு 2006இல் அதையே விற்கத் தொடங்கினார்கள். மாத வாடகை கட்டினால் சேர்வர், பாதுகாப்பு, கடனட்டை எல்லாம் அவர்களே பார்ப்பார்கள். ஆனால் அவர்களுடைய பணக் கருவியை விட்டு வேறொன்றைப் பாவித்தால், அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனையிலும் நூற்றுக்கு 2 மேலதிகமாக எடுப்பார்கள். வாடகையை நிறுத்தினால் கடை பூட்டு. பொருட்பட்டியலை இறக்கிக்கொண்டு போகலாம். கடையைத் தூக்கிக்கொண்டு போகேலாது.

வூகொமர்ஸ் வேர்ட்பிரஸுக்குள் ஏறுகிற இலவச பிளகின். சேர்வருக்கும் டொமைன் பெயருக்கும் நாங்கள் காசு கட்ட வேணும். ஹோஸ்டிங் கம்பனி சரியில்லையென்றால் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் அள்ளிக்கொண்டு இன்னொரு இடத்தில் போய் அதே கடையைத் திறக்கலாம். அதற்கு விலையாக, ஷொப்பிஃபை பார்க்கிற வேலை முழுக்க எங்கட தலையில் விழும். இதை மறைச்சுப் பேசக் கூடாது. வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்க ரெண்டு பேர் இல்லாத அமைப்பு வாடகைக் கடைக்குப் போறதில வெட்கப்பட ஒண்டுமில்லை. அந்த ரெண்டு பேர் இருந்தால் சொந்தக் கடை போடுங்கோ. இனி நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

நிரல் பொது, குழாய் தனியார்

"இலவச மென்பொருள் எண்டால் அது எங்கட பக்கம்தானே" என்று சில தோழர்கள் நினைக்கினம். கதை கொஞ்சம் சிக்கலானது.

மிஷெல் வல்ட்ரிகி என்பவர் எழுதிய பி2 என்ற மென்பொருள் பராமரிப்பாரின்றி நின்றபோது, அமெரிக்காவில் மற் முலன்வெக்கும் இங்கிலாந்தில் மைக் லிற்றிலும் அதன் நிரலை எடுத்து 2003இல் வேர்ட்பிரஸாகத் தொடர்ந்தார்கள். ஜிபிஎல் உரிமம் அதற்கு இடம் கொடுத்தது: ஆரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம், திருத்தியதைப் பகிர்ந்தால் அதே உரிமையோடு பகிர வேணும். அருமையான ஏற்பாடு. அதே உரிமத்தை வைத்துத்தான் 2011இல் வூதீம்ஸ் என்ற கம்பனி, ஜிகோஷொப் என்ற இன்னொருவருடைய கடைப் பிளகினைப் பிரதியெடுத்து வூகொமர்ஸ் ஆக்கியது. ஜிகோஷொப்பில் வேலை செய்த ரெண்டு பேரையும் தன்னிடம் எடுத்துக்கொண்டது. 2015இல் முலன்வெக்கின் ஒட்டோமற்றிக் கம்பனி வூதீம்ஸை வாங்கியது. பொதுக் காணிக்குள் ஆரும் வரலாம் என்றால், புல்டோசரோட வாறவனும் வரலாம்.

2024இல் நடந்தது இன்னும் தெளிவான பாடம். முலன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் கம்பனிக்கும் பெரிய சண்டை. அந்தக் கம்பனியிடம் ஏசிஎஃப் என்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் ஓடுகிற ஒரு பிளகின் இருந்தது. அந்த ஒக்டோபரில் வேர்ட்பிரஸின் பிளகின் களஞ்சியம் அந்தப் பக்கத்தையே கையகப்படுத்தி, வேறு பெயர் வைத்து, அந்தத் தளங்களுக்குத் தன்னுடைய பதிப்பை அனுப்பத் தொடங்கியது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் திருப்பிக் கொடுபட்டது. நிரலின் உரிமம் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் அந்த நிரல் எங்கட கடைக்கு வந்து சேருகிற குழாயின் திருகு ஒருவருடைய கையில் இருந்தது.

ரெண்டு கம்பனிகளின் சண்டையில் எந்தப் பக்கம் நிற்பது என்பது எங்கட கேள்வியில்லை. "எங்கட கடையில எத்தனை குழாய் பூட்டியிருக்கு, ஒவ்வொண்டின்ர திருகும் ஆற்ற கையில" என்பதுதான் கேள்வி.

விலை, தபால், காசு

இனிக் கடைக்குள் போவம். வூகொமர்ஸை ஏற்றியதும் ஒரு வழிகாட்டி வந்து கேள்வி கேட்கும். அதில் "பரிந்துரைக்கப்பட்ட" பிளகின்கள் எண்டு ஒரு வரிசை ஏற்கெனவே சரி போட்டு வரும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கோ. தேவைப்பட்டால் பிறகு ஏற்றலாம்.

விலை. மேசையில் நாங்கள் எப்பிடி விற்கிறம்? வேலையில்லாத ஆளுக்கு ஒரு விலை, மாணவருக்கு ஒரு விலை, ஐடியில வேலை செய்யிற அண்ணாவிட்ட கொஞ்சம் கூட. இதை இணையத்தில் செய்ய "விரும்பிய விலை கொடு" என்று காசுக்கு விற்கிற பிளகின்கள் இருக்கு. தேவையில்லை. வூகொமர்ஸுக்குள்ளேயே சட்டையின் அளவு, நிறம் தெரிவு செய்வதற்கென்று மாறுபடு பொருள் என்ற வகை உண்டு. அளவுக்குப் பதிலாக விலையை அங்கே வையுங்கோ: குறைந்த விலை, வழமை விலை, தோழமை விலை. மூன்றும் ஒரே புத்தகம். இருப்புக் கணக்கைப் பொருளின் மட்டத்தில் வைத்தால் எந்த விலைக்கு விற்றாலும் ஒரே கட்டிலிருந்துதான் குறையும். ஆதாரம் கேட்காதேங்கோ. மேசையில் ஆரிட்டையும் மாணவர் அட்டை கேட்கிறதில்லைத்தானே.

தபால். பிரித்தானியாவில் றோயல் மெயிலின் லார்ஜ் லெற்றர் என்றால் 2.5 சென்ரிமீற்றர் தடிப்பு, 750 கிராம் வரைக்கும். அதைத் தாண்டினால் ஸ்மோல் பார்சல், விலை ஏறும். எங்கட புத்தகங்களில் பாதி லார்ஜ் லெற்றருக்குள் போகும். வூகொமர்ஸ் தானாகத் தடிப்பை அளக்காது. நிறையை வைத்துக் கணக்குப் பார்க்கவும் தனிப் பிளகின் கேட்கும். ஆனால் ஷிப்பிங் கிளாஸ் என்று ஒன்று உள்ளேயே இருக்கு. "ஒல்லி", "தடிப்பு" என்று ரெண்டு வகுப்பு உண்டாக்கி, ஒவ்வொரு புத்தகத்தையும் ஒன்றில் போட்டு, வகுப்புக்கு ஒரு கட்டணம் வையுங்கோ. சில ஓடரில் அரைப் பவுண் இங்கால அங்கால பிசகும். அதுக்காக வருசா வருசம் காசு கட்டி ஒரு பிளகின் தேவையா எண்டு கூட்டத்தில கேளுங்கோ. "நேரில் எடுப்பேன்" என்பதையும் மறக்காமல் திறந்து விடுங்கோ. அடுத்த கூட்டத்துக்கு வாற ஆளுக்குத் தபால் செலவு ஏன்?

காசு. இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கு. ஸ்ட்ரைப் பிரித்தானியாவின் சாதாரண அட்டைக்கு நூற்றுக்கு 1.5உம் அதோடு 20 பென்ஸும் எடுக்கிறது. 20 பவுண் புத்தகம் என்றால் 50 பென்ஸ், அதாவது நூற்றுக்கு 2.5. மூன்று பவுண் துண்டு நூல் என்றால் 24.5 பென்ஸ், நூற்றுக்கு 8க்கும் மேல். மலிவாக, கனபேரிட்ட போய்ச் சேர வேணும் எண்டு நாங்கள் அச்சடிக்கிற பிரசுரத்தில்தான் கட்டணம் கூடக் கடிக்கிறது. 

வூகொமர்ஸுக்குள் நேரடி வங்கிப் பரிமாற்றம் என்ற வழி ஏற்கெனவே இருக்கு. ஓடர் "காத்திருப்பில்" என்று நிற்கும். வாங்கியவர் ஓடர் இலக்கத்தைக் குறிப்பாகப் போட்டுக் காசு அனுப்ப, எங்களில் ஒருவர் வங்கிக் கணக்கைப் பார்த்து நிலையை மாற்ற வேணும். மெதுவான வழிதான், ஆனால் அட்டைக் கட்டணம் இல்லை. ரெண்டு வழியையும் வையுங்கோ, வங்கிப் பரிமாற்றத்தை மேலே வையுங்கோ. கட்டணத்தோடு இன்னொரு காரணமும் இருக்கு. 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸுக்குப் போன காசை விசா, மாஸ்டர்கார்ட், பேபால் மூன்றும் நிறுத்தின. எந்த நீதிமன்றமும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. அரசியல் புத்தகம் விற்கிற கடை காசு வாற வழியை ஒன்றோடு நிறுத்தக் கூடாது.

தமிழுக்குக் கடையைத் திருத்துதல்

இந்தப் பகுதிக்குத்தான் வீடியோ இல்லை. அதால கொஞ்சம் நிண்டு சொல்லுறன்.

முதலில் பெயர். ஓடர் படிவத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் ரெண்டும் கட்டாயம். எங்களுக்குக் கடைசிப்பெயர் எது? அப்பாவின்ர பெயரா, அவரின்ர அப்பாவின்ர பெயரா, கலியாணம் கட்டினவரின்ர பெயரா? கடவுச்சீட்டு எடுக்கப் போய் இதுக்கு ஒரு பதில் கண்டுபிடிச்சு, அதோட வாழ்ந்துகொண்டிருக்கிற குடும்பங்கள்தான் நாங்கள். இமிகிரேஷன் கவுண்டரில கேட்ட கேள்வியை எங்கட புத்தகக் கடையும் கேட்க வேணுமா? "பெயர்" என்று ஒரே பெட்டி போதும். பொதியில் ஒட்ட அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

செய்கிற முறை: 2023 நவம்பரில் வந்த 8.3 பதிப்பிலிருந்து புதுக் கடைகளுக்கு புளொக் வகைச் செக்அவுட்தான் தானாக வரும். பழைய வழிகாட்டிகளில் இருக்கிற திருத்தங்கள் பல அதில் வேலை செய்யாது. ஏன் எண்டு தெரியாமல் ஒரு இரவு முழுக்கத் தலையைப் பிய்ச்சுக்கொள்ளாதேங்கோ. செக்அவுட் பக்கத்தில் அந்த புளொக்கை எடுத்துவிட்டு, பழைய ஷோர்ட்கோட்டைப் போட்டால், பத்து வரி நிரலில் கடைசிப்பெயரை எடுத்துவிடலாம். அந்தப் பத்து வரியை ஒரு சின்னச் சொந்தப் பிளகினாக எழுதி வையுங்கோ. தீமை மாற்றினாலும் போகாது.

அடுத்தது முகவரி, அதாவது பக்கத்தின் இணைய விலாசம். தமிழில் தலைப்புப் போட்டால் வேர்ட்பிரஸ் அதையே விலாசமாக்கும். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது ரோமக் குறியாக மாறும். புள்ளியும் விசிறியும் அரவும் தனித்தனிக் குறி. மொத்தம் 200 ரோமக் குறிக்குத்தான் இடம். அப்ப 22 தமிழ்க் குறியோட விலாசம் அறுந்துவிடும். ஒரே சொற்களில் தொடங்குகிற ரெண்டு நூல் இருந்தால், ரெண்டும் ஒரே இடத்தில் அறுந்து, ரெண்டாவதுக்குப் பின்னால் ஒரு 2 ஒட்டிக்கொண்டு நிற்கும். வட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறியும் எண்ணுமாக மூன்று வரிக்கு நீளும். அம்மாவுக்கு அனுப்பினால் "இது வைரஸோ பிள்ளை" எண்டு கேட்பா. விலாசத்தை மட்டும் ரோம எழுத்தில், சுருக்கமாக, கையால் கொடுங்கோ. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

தேடல். கடையின் தேடல் பெட்டி எழுத்துக்கு எழுத்துத்தான் பொருத்திப் பார்க்கும். "நிலம்" என்று தேடினால் "நிலத்தின்" என்று மட்டும் எழுதியிருக்கிற புத்தகம் வராது. "நூல்" என்று தேடினால் "நூலை" வராது. தமிழ் இலக்கணம் அதற்குத் தெரியாது. அதோடு, எங்களில் பாதிப் பேர் தமிழை வாசிப்பம், தட்டச்சு செய்ய மாட்டம். அதனால் ஒவ்வொரு புத்தகத்தின் சுருக்க விவரத்திலும் வேர்ச்சொற்களைச் சேருங்கோ, தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ரோம எழுத்திலும் எழுதுங்கோ. ஒரு பெயரை ரெண்டு மூண்டு விதமாய் எழுதுவினம் எண்டால் அத்தனையையும் போடுங்கோ. தேடல் பிளகின் வாங்குவதை விட இது பலன் தரும்.

பற்றுச்சீட்டு. பிடிஎஃப் பற்றுச்சீட்டு தருகிற பிரபல பிளகின்கள் பல உள்ளே டொம்பிடிஎஃப் என்ற நிரலைப் பாவிக்கின்றன. அதற்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கோர்க்கத் தெரியாது. தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால நிக்காமல் பின்னால போய் நிக்கும். எம்பிடிஎஃப் என்ற நிரல் சரியாகக் கோர்க்கும். ஆனால் முதலில் கேட்க வேண்டியது: எங்களுக்குப் பிடிஎஃப் வேணுமா? ஓடர் மின்னஞ்சல் தமிழை ஒழுங்காகக் காட்டும். அதையே பிரவுசரில் திறந்து அச்சடித்துப் பொதிக்குள் வைக்கலாம். ஒரு பிளகின் மிச்சம்.

கடைசியாக, கடையின் சொற்கள். வேர்ட்பிரஸில் தமிழ் என்றும் தமிழ் (இலங்கை) என்றும் ரெண்டு தெரிவு இருக்கு. ரெண்டும் தொண்டர்கள் நேரம் ஒதுக்கிச் செய்த வேலை, நன்றியோட பாவிக்க வேணும். போதாத இடத்தில் லொக்கோ ட்ரான்ஸ்லேற் பிளகினால் எங்கட சொல்லைப் போடலாம். கார்ட்டை "வண்டி" ஆக்காமல் "கூடை" என்று வைக்கலாம். செக்அவுட்டை "வெளியேறு" என்று மொழிபெயர்த்தால் ஆள் காசு கட்டாமல் வெளியேறிவிடும். நாங்கள் ஒரு கூட்டத்தில் அரை மணித்தியாலம் வாதாடி "ஓடரை முடிக்க" என்று வைத்தோம். அந்த அரை மணித்தியாலத்தில் வந்த ஆக்களுக்கு அதுக்குப் பிறகு அந்தக் கடை கொஞ்சம் தங்கட கடையாகிவிட்டது.

ஒரு பிளகினை ஏற்ற முன்னம்

இதுவரைக்கும் எத்தனை பிளகினைத் தவிர்த்திருக்கிறம் எண்டு எண்ணிப் பாருங்கோ. கஞ்சத்தனத்தால செய்யேல்லை. ஒவ்வொரு பிளகினும் எங்கள் கடைக்குள் முழு அதிகாரத்தோடு ஓடுகிற இன்னொருவருடைய நிரல். வேர்ட்பிரஸில் பிளகினுக்கென்று சின்ன அறை கிடையாது. உள்ளே வந்தால் வீடு முழுக்கத் திறந்தது.

டிஸ்பிளே விட்ஜெட்ஸ் என்று ஒரு சின்னப் பிளகின், ரெண்டு லட்சம் தளங்களில் ஓடியது. எழுதியவர் அதை விற்றார். 2017இல் புது உரிமையாளர் அனுப்பிய அப்டேட்டில் பின்கதவு இருந்தது. தள உரிமையாளர்கள் செய்தது, எல்லாரும் சொல்லுற மாதிரி ஒழுங்காக அப்டேட் செய்தது மட்டும்தான். மறுபக்கம், 2023 மார்ச்சில் வூகொமர்ஸ் கம்பனியின் சொந்தக் கட்டணப் பிளகினிலேயே, வெளியாள் அட்மினாக நடிக்கக்கூடிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு மருந்து உடனடி அப்டேட். அப்டேட் செய்தாலும் ஆபத்து, செய்யாவிட்டாலும் ஆபத்து. ஆகக் குறைக்கக் கூடியது பிளகின்களின் எண்ணிக்கையைத்தான்.

எங்கட கூட்டத்தில் ஒரு பிளகினை ஏற்ற முன்னம் நாலு கேள்வி கேட்கிறம்:

1. இதை வூகொமர்ஸே செய்யுமா, அல்லது நாங்கள் வேலை முறையைக் கொஞ்சம் மாற்றினால் தேவையில்லாமல் போகுமா?
2. இதை ஆர் எழுதுகினம், அவைக்கு வருமானம் எங்கேயிருந்து வருகுது, கடைசி அப்டேட் எப்ப?
3. இது எங்கட வாசகரைப் பற்றி எதை, எங்கே அனுப்புகுது?
4. நாளைக்கு இது நின்றுபோனால் கடை நிற்குமா?

ரெண்டாவது கேள்வியில் இன்னொரு பக்கமும் இருக்கு. ஒரு தனியாள் வேலை முடிஞ்சு வந்து இரவில் பராமரிக்கிற பிளகினில் எங்கள் கடை தங்கியிருந்தால், அவருக்கு நாங்கள் என்ன கொடுக்கிறம்? உழைப்பைப் பற்றிப் புத்தகம் விக்கிற ஆக்கள் இதையும் யோசிக்க வேணும். வருடத்துக்கு ஒருக்கா ஒரு சின்னத் தொகையை நன்கொடையாக அனுப்ப வரவுசெலவில் ஒரு வரி வையுங்கோ.

வாங்கினவர்களின் பட்டியல்

இனி, எனக்கு ஆகப் பெரிய கவலையாக இருக்கிற விஷயம்.

புத்தக மேசையில் ஒருவர் வருகிறார், காசைத் தருகிறார், புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறார். அவர் ஆர் எண்டு எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அதே புத்தகத்தை இணையத்தில் வாங்கினால் பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி, மின்னஞ்சல், ஐபி விலாசம், என்ன பிரவுசர், எப்ப வாங்கினார், அதோட என்னென்ன வாங்கினார் எல்லாம் ஒரு அட்டவணையில் விழுகிறது. 2024இலிருந்து எந்தப் பக்கத்தால் கடைக்கு வந்தார், எந்த வகைச் சாதனத்தால் வந்தார் என்பதையும் வூகொமர்ஸ் தானாகவே பதிகிறது. எவ்வளவு காலம் வைத்திருப்பது? அந்தப் பெட்டி வெறுமையாக வரும். வெறுமை என்றால் காலவரையின்றி.

ஆர் அரசியல் நூல் வாங்கினது என்ற பட்டியல் எங்கட சமூகத்தில் சும்மா ஒரு வணிகத் தரவு இல்லை. 2014இல் இலங்கை அரசு வர்த்தமானியில் 16 அமைப்புகளையும் 424 ஆட்களையும் பெயர் குறித்துப் போட்டது. 2015இல் பல பெயர்கள் நீங்கின. 2021இல் திரும்பவும் அமைப்புகளும் ஆட்களும் சேர்க்கப்பட்டார்கள். பட்டியலில் பெயர் வந்தால் ஊருக்குப் போகேலாது, ஊரில இருக்கிற சொந்தக்காரரின்ர வீட்டுக் கதவு தட்டப்படும் என்ற பயம் எங்கட குடும்பங்களுக்குள்ள எப்பவும் இருக்கு. எங்கட சின்னக் கடையை ஆரோ உளவு பார்க்கினம் எண்டு நான் சொல்லேல்லை. ஒரு பட்டியலைச் சேர்த்து வைத்தால் அது ஒரு நாள் களவு போகலாம், கேட்கப்படலாம், கைமாறலாம். சேர்க்காத பட்டியலுக்கு இந்த மூன்றும் நடக்காது.

அதனால் செய்ய வேண்டியவை. தொலைபேசிப் பெட்டியை மறையுங்கோ. கணக்குத் திறக்காமல் விருந்தாளியாக வாங்க விடுங்கோ. வரவு வழியைப் பதிகிற வசதியை மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய் நிறுத்துங்கோ. கூகுள் அனலிற்றிக்ஸ் வேண்டாம், ஃபேஸ்புக் பிக்ஸல் வேண்டாம். எழுத்துருவை எங்கட சேர்வரிலேயே வையுங்கோ. 2022 ஜனவரியில் ஜேர்மனியின் மியூனிக் நீதிமன்றம், கூகுளிலிருந்து எழுத்துருவை இழுத்த ஒரு தளம் பார்வையாளரின் ஐபி விலாசத்தைக் கூகுளுக்குக் கொடுத்துவிட்டது என்று 100 யூரோ நட்டஈடு கட்ட வைத்தது. ஐரோப்பாவில் கடை போடுகிற தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கோ.

ஆக முக்கியம்: கணக்குகளும் தனியுரிமையும் என்ற பக்கத்தில், முடிந்த ஓடர்களின் தனிப்பட்ட விவரத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று எழுதுங்கோ. தொலைதூர விற்பனைக்குப் பிரித்தானியாவில் 14 நாள் திருப்பிக் கொடுக்கிற உரிமை உண்டு. தபாலில் தொலைந்த பொதிக்கும் கொஞ்சக் காலம் வேணும். நாங்கள் மூன்று மாதம் என்று வைத்திருக்கிறம். அதுக்குப் பிறகு வூகொமர்ஸ் பெயரையும் விலாசத்தையும் அழித்து, தொகையையும் பொருளையும் மட்டும் விட்டுவைக்கும். வரிக் கணக்குக்கு அந்தத் தொகை வேணும். ஆர் வாங்கினது என்பதை எங்கட தளம் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. ஸ்ட்ரைப்பிடமும் வங்கியிடமும் ஒரு பதிவு இருக்கும், அதை நாங்கள் அழிக்கேலாது. வாங்குகிறவருக்கு அதை ஒளிக்காமல் சொல்லுங்கோ, நேரில் காசாக வாங்கலாம் என்றும் சொல்லுங்கோ. பழைய பக்கப்புகளிலும் பெயர்கள் இருக்கும். அவற்றையும் காலம் வைத்து அழிக்க வேணும்.

சாவி

இங்கிலாந்தின் ரோச்டேலில் 1844 டிசம்பர் 21இல் தொழிலாளர்கள் ஒரு கடை திறந்தார்கள். மா, சீனி, வெண்ணெய் எண்டு ஒரு சில சாமான்தான். கலப்படம் இல்லாத சாமான், பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. இலங்கையில் எங்கட அம்மம்மாக்கள் கூப்பன் சாமான் எடுத்த சங்கக்கடையும் அந்த மரபில் வந்ததுதான். பேரில் சங்கம் இருக்க, நிர்வாகம் மேலேயிருந்து வந்த காலங்களும் அதுக்கு இருந்தது. பலகையில் "கூட்டுறவு" எண்டு எழுதினால் மட்டும் கூட்டுறவாகாது.

இணையக் கடையில் அது எப்பிடி நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். கொம்பியூட்டர் தெரிஞ்ச ஒரு தம்பி. டொமைன் அவரின்ர பெயரில, ஹோஸ்டிங் அவரின்ர அட்டையில, அட்மின் கடவுச்சொல் அவரின்ர லப்டொப்பில. அவர் நல்ல ஆள்தான். ஆனால் எங்கட அமைப்புகள் உடையிறது புதுசில்லை. உடையாட்டிலும் அந்தத் தம்பிக்குப் பிள்ளை பிறக்கும், வேலை மாறும், களைச்சுப் போவார். கூட்டத்தில எடுத்த தீர்மானம் எல்லாம் அவர் மின்னஞ்சலைப் பார்க்கும் வரைக்கும் காத்துக்கொண்டு நிற்கும்.

ஆகவே டொமைனும் ஹோஸ்டிங்கும் அமைப்பின் பெயரில், அமைப்பின் மின்னஞ்சலில் இருக்க வேணும். அட்மின் ரெண்டு பேர், வருடத்துக்கு ஒருக்கா ஒருவராவது மாற வேணும். பொதி கட்டுகிறவர்களுக்குக் கடை மேலாளர் என்ற பாத்திரம் போதும், அது வூகொமர்ஸோடயே வரும். பக்கப் கடையின் சேர்வருக்கு வெளியே இருக்க வேணும். ஆறு மாதத்துக்கு ஒருக்கா அதிலிருந்து கடையைத் திரும்ப எழுப்பிப் பார்க்க வேணும். எழுப்பிப் பார்க்காத பக்கப்பை நம்பேலாது.

இன்னொன்று. "டெக்" வேலையைப் பெடியன்கள் செய்யினம், ஓடரைப் பார்த்துப் பொதி கட்டி, விலாசம் ஒட்டி, போஸ்ட் ஒஃபிஸில வரிசையில நிக்கிறது பெட்டையள். கூட்ட அறிக்கையில் முதல் வேலை "தொழில்நுட்பக் குழு" என்று வரும், ரெண்டாவது வேலை எழுதுப்படாது. பொத்தானை அழுத்தினால் பொதி தானாப் போகாது. ரெண்டு வேலையையும் ஒரே அட்டவணையில் போட்டுச் சுழற்சியில் செய்யுங்கோ. பொதி கட்டுகிற ஆளுக்கு அப்டேட் செய்யத் தெரிய வேணும், அப்டேட் செய்கிற ஆள் மாதத்தில் ஒருக்கா வரிசையில் நிற்க வேணும். ஒல்லி, தடிப்பு என்று வகுப்புப் பிரிக்கிற யோசனை வரிசையில் நின்ற ஒரு தோழியிடமிருந்துதான் வந்தது. நிரல் எழுதினவருக்கு அது தோன்றவேயில்லை.

இப்ப கேள்விகளுக்குப் போவம். அதுக்கு முன்னம் ஒரு வேலை. இந்தத் தாளில ரெண்டு பத்தி கீறி வைச்சிருக்கிறன்: ஒண்டு அட்மின், மற்றது பொதி. ரெண்டிலயும் பெயர் எழுதக்கூடிய ஆக்கள் எழுதுங்கோ. ரெண்டிலயும் நாலு பெயர் வந்தால் வாற சனிக்கிழமை டொமைன் எடுப்பம். வராட்டில் மேசையோடயே இன்னும் கொஞ்சக் காலம் நிப்பம். மேசையிலயும் புத்தகம் போகுதுதானே.